செய்தியும் ஊர்நலமும்

இன்று எருத்தேன்பதி என்னும் ஓர் எல்லைப்புறச் சிற்றூரைப் பற்றியும், அமெரிக்க நாட்டுப் பொறியியல் அறிஞர் ஒருவர் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணிதக் கட்டுரையைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல எண்ணியிருக்கிறேன். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். பேச்சு முடிவதற்குள் அத்தொடர்பு விளங்காவிடில், பிழை என்னுடையதேயன்றி அக்கட்டுரையினுடையதன்று.

எருத்தேன்பதி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ளது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் என்பன அண்டை ஊர்கள். கேரளம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காயலும் ஓயாத மழையும் இங்கில்லை. மழைமறைவுப் பகுதி இது. மண்ணும் கேரளத்தில் அரிதாகக் காணப்படும் கரிசல் மண். தென்னந்தோப்பும் நிலக்கடலையும் காய்கறித் தோட்டமும் ஆழ்துளைக் கிணறுமாக, பார்ப்பவர் கண்ணுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து ஊர் போலவே தோன்றும். வீட்டில் பேசும் மொழி தமிழ். அதுவும் கொங்குத் தமிழ்.

நேயர்களாகிய நீங்கள் ஊரைவிட்டுப் பிழைப்பின்பொருட்டு வேற்று மாநிலம் சென்றவர்கள். எருத்தேன்பதியார் எங்கும் செல்லாமலே வேற்று மாநிலத்தவராய் இருப்பவர்கள். சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தில் அடங்கிற்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரளத்தில் சேர்ந்தது. சமஸ்தானக் காலத்தில் இரண்டு ஆட்சிகளின் வரம்பாக மட்டும் இருந்த எல்லைக்கோடு, அன்று முதல் இரண்டு மொழிகளின் வரம்பாகவும் கருதப்படலாயிற்று. மக்கள் மட்டும் அந்தக் கோட்டின்படி பேசவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத் திருமணத்தின்பொருட்டு அவ்வூருக்குச் சென்றிருந்தேன். சித்திரை மாதம், வெயில் கொளுத்திற்று. சுகாதாரப் பணியாளர் ஒருவர், மலையாளப் பெண்மணி, வீடுவீடாக விசாரித்துக்கொண்டு வந்தார். தாராபுரம் பக்கத்திலிருந்து அவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஓராண்டு கூட ஆகாத இளம்பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். பணியாளர், "வீட்டில் ஆர்க்கெங்கிலும் பனியுண்டோ?" என்று கேட்டார். அப்பெண் வியப்புடன், "இந்த வெயிலில பனி எங்கேங்க இருக்குது?" என்றாள். உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "காய்ச்சலைக் கேக்கறாங்க, கண்ணு!" உண்மையிலேயே அவ்வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல். மாமியார் அப்போது கடைக்குச் சென்றிருந்தால், பணியாளரின் ஏட்டில் அந்த வீட்டுக்கு நேராக 'இல்லை' என்றே பதிந்திருக்கும்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல், நமக்கோ மார்கழியில் பெய்வது. அவர்கள் பருகும் நீருக்கு 'வெள்ளம்' என்பர்; நமக்கு வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போவது. அவர்களுக்கு 'அவதி' விடுமுறை. நமக்கு அவதி என்பது அவதிதான். இவையெல்லாம் அலுவலகத்தில் மலையாள நண்பர்களுடன் நாம் வேடிக்கையாகப் பேசிக்கொள்பவை. ஆயினும் அன்று ஊர் திரும்பும் வழியில் இரயிலில் எனக்கு வேறொரு நினைவு எழுந்தது. ஓர் ஊரின் நலம் எத்தனை மருத்துவர், எத்தனை படுக்கை, எத்தனை மருந்து என்பதை மட்டுமா பொறுத்தது? நோவு எங்கே தோன்றுகிறதோ அவ்விடத்திலிருந்து, அதற்கு ஆவன செய்யக்கூடியவர் இருக்கும் இடத்திற்குச் செய்தி சிதையாமல் போய்ச் சேருகிறதா என்பதையும் பொறுத்ததன்றோ? செய்தி சிதைவதைக் கணக்கிட வழியுண்டா?

உண்டு. அதற்கு வழி வகுத்தவர் கிளாட் ஷானன். அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இவர், 1948-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் இரு பகுதிகளாக வெளியிட்ட கட்டுரையே தகவல் கோட்பாடு எனப்படும் துறைக்கு அடிப்படை. அதன் கருவைக் கணிதக் குறிகள் இன்றியே சொல்லிவிடலாம்.

வரிசையாக எட்டுக் குடங்கள் இருக்கின்றன. ஒன்றில் காசு இருக்கிறது. 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளை மட்டும் பெற்றுக் காசுள்ள குடத்தைக் கண்டறிய வேண்டும். முதல் நான்கில் இருக்கிறதா? விடை கிடைத்தவுடன் எட்டு நான்காகிறது. அடுத்த வினாவில் இரண்டாகிறது. மூன்றாம் வினாவில் குடம் அகப்படுகிறது. ஆகவே காசுள்ள குடத்தைச் சுட்டும் செய்தியின் அளவு மூன்று. இந்த அளவைக்குப் 'பிட்' என்று பெயர். செய்தி என்பது நம் ஐயத்தைக் குறைப்பது. எவ்வளவு ஐயம் நீங்கிற்றோ அவ்வளவே செய்தி. அந்த ஐயத்தின் சராசரி அளவை ஷானன் 'என்ட்ரோபி' என்றார்.

இதிலிருந்து ஓர் உண்மை தானே விளையும். எதிர்பார்த்தது நடந்தால் செய்தி குறைவு; எதிர்பாராதது நடந்தால் செய்தி மிகுதி. எருத்தேன்பதியில் கோடையில் பதினாறு நாட்களுக்கு ஒரு நாள்தான் மழை பெய்யும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 'இன்று மழை' என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால் அது நான்கு பிட் செய்தி. 'இன்று மழையில்லை' என்றாலோ ஒரு பிட்டில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒவ்வொரு வாரமும் 'நோய் இல்லை, நோய் இல்லை' என்றே எழுதி அனுப்பும் ஊரின் ஏடும் அத்தகையதே. உண்மையில் நோயில்லாத ஊராகவும் இருக்கலாம். கேட்கத் தெரியாத ஊராகவும் இருக்கலாம். ஏட்டைப் பார்த்து எதுவென்று சொல்ல இயலாது.

ஷானன் கண்ட மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. இரைச்சல் மிகுந்த வழியிலும் செய்தியைப் பிழையின்றி அனுப்பலாம். அதற்குச் சிறிது மிகையாகச் சொல்ல வேண்டும். வானொலியில் தலைப்புச் செய்திகளை இறுதியில் மீண்டும் வாசிப்பதும், தண்டோரா போடுபவர் தெருமுனைதோறும் நின்று கூவுவதும் இம்மிகையே. மொழியிலேயே இம்மிகை அமைந்திருக்கிறது. தமிழ்ச் சொல்லின் இடையே 'ங்' என்ற மெய் வந்தால் அடுத்து வருவது பெரும்பாலும் ககர எழுத்தே என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கடிதத்தில் மழைத்துளி பட்டு அவ்வெழுத்து அழிந்தாலும் நாம் படித்துவிடுகிறோம். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பதைத் தொல்காப்பியர் மெய்ம்மயக்கம் என்று வகுத்தார்; இன்றைய விஞ்ஞானி அதனைப் பிழை திருத்தும் ஏற்பாடு என்பார். இது வெறும் ஒப்புமையன்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் இந்திய மொழிகளை இக்கோட்பாட்டின்படி ஆராய்ந்து 1962-இல் நூல் வெளியிட்டனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி தமிழ் உரைநடையின் என்ட்ரோபியைக் கணக்கிட்டு 1963-இல் கட்டுரை எழுதினார். கல்வெட்டும் கோலமும் கணிதமும் ஒருங்கே அறிந்த அப்பெருமகனாரைப் பற்றித் தனியாகவே ஒரு பேச்சு நிகழ்த்தலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். செய்தியின் பொருளைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்று ஷானனே தம் கட்டுரையின் தொடக்கத்தில் சொல்லிவிட்டார். கம்பியின் வழியே குறிகள் ஒழுங்காகப் போனால் அவருக்குப் போதும். அவ்வாறாயின் 'பனி' என்ற சொல் எருத்தேன்பதி வாசலில் ஓர் எழுத்தும் குறையாமல் போய்ச் சேர்ந்துவிட்டது என்றல்லவோ கொள்ள வேண்டும்? சேர்ந்தது சொல், பொருள் சேரவில்லை. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே குறியீட்டு ஏட்டை வைத்திருக்கிறார்கள் என்று பொறியியல் வல்லுநர் முன்கூட்டியே கொண்டுவிடுகிறார். மொழிபெயர்ப்பாளனுக்கு வேலையே அந்த ஏடு இரண்டாக இருக்கும் இடத்தில்தான். மேலும், தம் கோட்பாட்டைக் கண்ட துறையிலெல்லாம் பொருத்தி மகிழும் போக்கை 1956-இல் ஷானன் கண்டித்தும் எழுதினார். ஆகவே, ஓர் ஊரின் நலம் இத்தனை பிட் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா.

எண் வேண்டாவெனினும் இக்கோட்பாடு நம் கண்ணைத் திறக்கிறது. உடலை எடுத்துக்கொள்வோம். நலமுள்ள இதயம் கடிகாரம் போல் துடிக்கும் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். அங்ஙனமன்று. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி நலமுள்ளவரிடம் நுண்மையாக மாறிக்கொண்டே இருக்கும். மூச்சு, நடை, சினம், அயர்வு ஆகிய அனைத்துக்கும் இதயம் மறுமொழி கூறுகிறது. முதுமையிலும் நோயிலும் அப்பன்மை குறைகிறது என்று லிப்சிட்ஸ், கோல்ட்பர்கர் என்னும் மருத்துவ அறிஞர்கள் 1992-இல் எடுத்துக்காட்டினர். அதற்காக, தாறுமாறாகத் துடிப்பதும் நலமாகாது. அதுவும் ஒரு நோயே. ஒரே சீராக இருப்பதற்கும் ஒழுங்கே அற்றுப்போவதற்கும் இடைப்பட்ட, ஒன்றோடொன்று தொடர்புள்ள பன்மையே நலத்தின் குறி.

இதனையொத்த கருத்தை ஆங்கில நாட்டு உளமருத்துவ அறிஞர் ராஸ் ஆஷ்பி 1956-இல் ஒரு விதியாகவே வகுத்தார். வெளியிலிருந்து எத்தனை வகைத் தொல்லைகள் வருமோ, அவற்றைச் சமாளிக்க நம்மிடமும் அத்தனை வகை மறுமொழிகள் வேண்டும் என்பதே அது. கரிசல் காட்டு விவசாயிக்கு இவ்விதியை விளக்க வேண்டியதில்லை. தோட்டம் முழுவதும் ஒரே பயிராயின் ஷானன் அளவையில் அதன் பன்மை பூஜ்யம். நான்கு பயிர்கள் சமபங்காக இருந்தால் இரண்டு பிட். பாதி தென்னை, கால் பங்கு நிலக்கடலை, அரைக்கால் காய்கறி, அரைக்கால் தீவனச் சோளம் என்றிருந்தால் ஒன்றேமுக்கால் பிட். தென்னைக்கு ஒரு பூச்சி வந்தால் முதலாமவர் கடனாளி. மூன்றாமவர் அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசுவார்.

இனிச் செய்தி வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்னும் இடத்தில் கோக்கோ கோலா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆலையைத் தொடங்கிற்று. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து பெருமளவில் நீர் எடுக்கப்பட்டது. சுற்றிலும் வாழ்ந்தவர்களுள் எரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர் பலர். முதலில் மாற்றத்தை உணர்ந்தவர் ஆய்வுக்கூடத்தினர் அல்லர். அடுப்படியில் நின்ற பெண்களே. சோறு சரியாக வேகவில்லை. சமைத்தது விரைவில் கெட்டது. குளித்தால் உடல் அரித்தது. நீரின் கடினத்தன்மை மிகுந்தால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்பதை வேதியியல் நூல் சொல்லும். அந்நூலைப் படியாத பெண்கள் நூலில் உள்ளதையே சொன்னார்கள். அளவுகருவி பிழையற்றது, அதற்கும் அரசுக்கும் இடையே கம்பிதான் இல்லை.

கம்பி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரே செய்தியை ஓயாமல் சொல்வார்கள். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் ஆலை வாயிலுக்கு எதிரே பந்தலிட்டு அமர்ந்தார்கள். எரவாளர் குலத்தைச் சேர்ந்த மயிலம்மா முன்நின்றார். பந்தல் ஆண்டுக்கணக்கில் கலையவில்லை. இரைச்சல் மிகுந்த வழியில் மிகையாகச் சொல்ல வேண்டும் என்ற ஷானனின் விதியை இதைவிடச் செலவு மிகுந்த முறையில் எவரும் மெய்ப்பித்திருக்க மாட்டார்கள். 2003 ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்நீர் குடிக்கத் தகாதது என்று அரசுச் சுகாதாரத் துறையினரும் கூறினர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய மசோதா, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே திரும்பியது. மயிலம்மா 2007-லேயே மறைந்துவிட்டார். அடுப்படிக்கு ஒரு நாளில் தெரிந்த செய்தி தலைநகரை அடைய எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எருத்தேன்பதிக்கு இதனினும் அமைதியான இடர் ஒன்றுண்டு. அவ்வூரார் பலருக்கு வேலையும் உறவும் சந்தையும் மருத்துவமனையும் எல்லைக்கு அப்பால், பொள்ளாச்சியிலும் கோயம்புத்தூரிலும் உள்ளன. ஓர் ஊரில் பத்துப் பேருக்கு ஒரே வகைக் காய்ச்சல் என்று கொள்வோம். நால்வர் இப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்கின்றனர்; அறுவர் அப்பக்கம் செல்கின்றனர். கேரளத்தின் ஏட்டில் நான்கு. தமிழ்நாட்டின் ஏட்டில், அதுவும் பல மருத்துவமனைகளில் சிதறி, ஆறு. பத்து என்ற எண் எந்த ஏட்டிலும் இல்லை. இரண்டு ஏடுகளையும் அருகருகே விரித்து வைத்தால்தான் அது பிறக்கும். மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கப்பெற்றது. அது பெரும் நன்மை செய்திருக்கிறது. ஆயினும் அதன் கணக்கு நெடுங்காலம் மாவட்டம் மாவட்டமாகவே கூட்டப்பட்டு வந்தது. கூட்டல் என்பது செய்தியை இழக்கும் ஒரு வழி. ஓர் ஊராட்சியில் ஐந்து பதினைந்தாகி, மற்ற இரண்டில் ஐந்தைந்து குறைந்தால், மாவட்டத்தின் கூட்டுத்தொகை அசையாமலிருக்கும்.

2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின்போது வேலந்தாவளம், கோபாலபுரம் சாவடிகளில் வழி மறிக்கப்பட்டபோது, இக்கோடு எத்தனை குடும்பங்களின் நடுவே ஓடுகிறது என்பது வெளிப்பட்டது. அந்நாட்களில் சுகாதாரத் துறையினரைவிட விரைவாக, எந்த வீட்டில் யார் எப்பக்கம் சிக்கினார், யாருக்கு மாத்திரை தீர்ந்தது என்பதை அறிந்திருந்தவர்கள் பால் கறந்து ஊற்றுபவர்களும் மளிகைக் கடைக்காரர்களும் இரு பக்கமும் உறவுள்ள மூதாட்டிகளுமே. கோட்டின் இருபுறமும் தெரிந்த மனிதர் ஒருவர், இரண்டு ஏடுகளையும் ஒட்டும் பசை போன்றவர். இரண்டு மொழி அறிந்த மாமியார் காய்ச்சலைக் காட்டிக்கொடுத்ததும் அவ்வகையே. நம்மில் சிலர் ஒரே மொழி, ஒரே முறை இருந்தால் ஆட்சி எளிது என்பர். எளிதுதான், பருவத்துக்குப் பருவம் மாறாமல் துடிக்கும் இதயம் போல் எளிது.

சட்டம் ஒன்றும் செய்யாமலில்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்துத் தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், விடையும் அம்மொழியிலேயே வரவேண்டும் என்கிறது. சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யவேண்டும் என்பதை நம் அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுகிறது. சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. ஆனால் தமிழில் எழுதப்பட்டதெல்லாம் தமிழாகிவிடுமா என்பது வேறு கேள்வி. இதில் என் சொந்தக் குற்றத்தையே சொல்கிறேன்.

குடிநீர் பற்றிய அறிவிப்பு ஒன்றை முன்பு மொழிபெயர்த்தேன். 'பருகுதற்குரிய நீரினைக் கொதிநிலை எய்துமளவும் வெப்பப்படுத்திய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்' என்று எழுதினேன். மேலதிகாரிகள் இருவர் ஒப்பமிட்டனர். ஒருவர் 'எய்துமளவும்' என்ற சொல்லைப் பாராட்டவும் செய்தார். அச்சுப்படி மேசைமேல் கிடந்தபோது, எங்கள் அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுவரும் விருதுநகர்க்காரர் அதைப் பார்த்து, "என்ன சார் சொல்லுது இது?" என்று கேட்டார். "தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கணும்" என்றேன். "அதையே போட்டிருக்கலாமே, சார்" என்றார். என் வாக்கியத்தில் பிழையில்லை, எழுத்து அதிகம், செய்தி அந்தத் தேநீர்க்காரருக்குப் பூஜ்யம். அச்சாகிவிட்டது, திருத்த இயலவில்லை. அது எத்தனை ஊர்ச் சுவர்களில் ஒட்டப்பட்டது என்பதை நான் விசாரிக்கவுமில்லை.

1970-களில் பெரியம்மையை நம் நாட்டிலிருந்து ஒழித்தபோது, வீடுவீடாகத் தேடிச் சென்ற ஊழியர்கள் கையில் ஓர் அட்டை வைத்திருந்தனர். அம்மை கண்ட குழந்தையின் படம் அதில் அச்சிடப்பட்டிருந்தது. 'இப்படி யாரையேனும் பார்த்தீர்களா?' என்று கேட்டுப் படத்தைக் காட்டினால் போதும். எந்த மொழிக்காரரும் விடை சொல்லலாம். 1975-இல் நாட்டின் இறுதி நோயாளி கண்டறியப்பட்டார். ஆனால் காய்ச்சலுக்குப் படம் வரைய முடியாது.

எருத்தேன்பதியிலிருந்து அண்மையில் என் உறவினர் தொலைபேசியில் பேசினார். தாராபுரத்துப் பெண் இப்போது மலையாளத்தில் நன்றாகப் பேசுகிறாளாம். அந்தச் சுகாதாரப் பணியாளரும் அவ்வட்டாரத்திலேயே இருக்கிறாராம். அன்றைய நிகழ்ச்சிக்குப் பிறகு எந்த வீட்டு வாசலிலும் அவர் ஒரு சொல்லால் கேட்பதில்லை. "பனியோ, காய்ச்சலோ, மேல் சூடோ, ஆர்க்கெங்கிலும் உண்டோ?" என்று மூன்றையும் அடுக்கிக் கேட்டுவிட்டு, விடை வரும் வரை நின்று, பிறகே அடுத்த வீட்டுக்குப் போகிறாராம்.